பெற்றோரின் இனிப்புநீரைக் கைப்பேசி வழியே கவனிப்பது எப்படி?

சுங்கை சிப்புட், பீடோர், தெலுக் இந்தான் போன்ற தோட்டப் பட்டணங்களில், ரப்பரிலும் செம்பனையிலும் உழைத்து ஓய்வுபெற்ற பெற்றோர் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருக்க, பிள்ளைகள் கோலாலம்பூரிலோ கிள்ளானிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பது வழக்கமாகிவிட்டது. தோட்டத்துக்குள்ளேயே டிரெஸ்ஸர் என்ற மருத்துவ உதவியாளர் இருந்த காலத்தில், யாருக்கு என்ன மருந்து என்பது அவருக்கு மனப்பாடம். மருந்து வாங்க வராதவரை, தொழிலாளர்கள் காலையில் பெயர் கொடுக்கக் கூடும் பிரட்டுக் களத்திலேயே பிடித்துக் கேட்டுவிடுவார். இன்று அரசாங்கக் கிளினிக்கில் சில மாதங்களுக்கு ஒருமுறை சில நிமிடச் சந்திப்பு கிடைக்கிறது. ஒரு சந்திப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நாள்களில் நோயாளியைக் கவனிக்க யாருமில்லை. அந்த இடைவெளியில் கைப்பேசியைப் பயன்படுத்தும் முறையை இந்த வழிகாட்டி விளக்குகிறது.

தேவை பெரிது. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காடாகக் குறைந்தது என்றாலும், நம் குடும்பங்களில் இனிப்புநீர் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

செயலிக்கு முன் ஒரு பேச்சு

பலரும் முதலில் ஒரு செயலியைத் தேடிப் பதிவிறக்கம் செய்கிறார்கள். இரண்டு வாரம் இரத்தச் சர்க்கரை எண்கள் அதில் பதிவாகின்றன. பிறகு யாரும் பார்ப்பதில்லை. யாரும் பார்க்காத எண்ணால் நோயாளிக்கு விரலில் குத்திய வலிதான் மிச்சம். ஆகவே முதலில் முடிவு செய்ய வேண்டியவை மூன்று: எண்ணை யார் பார்ப்பார், எப்போது பார்ப்பார், பார்த்தபின் என்ன செய்வார்.

பார்ப்பவர் ஒருவராக இருப்பது நல்லது. நான்கு பிள்ளைகளும் சேர்ந்து பார்ப்பதாக ஏற்பாடு செய்தால், ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்திருப்பார் என்று எண்ணி விட்டுவிடுவார்கள். ஒருவர் பொறுப்பேற்கட்டும், அவரால் முடியாத வாரத்தில் அடுத்தவர் யார் என்பதையும் சொல்லி வைக்கட்டும். இவர்களைத் தவிர, அதே தாமானில் ஐந்து நிமிடத்தில் வந்து சேரக்கூடிய அண்டை வீட்டார் ஒருவரின் எண்ணும் கட்டாயம் தேவை. சிங்கப்பூரில் இருக்கும் மகனால் எண்ணைப் பார்க்க முடியும். கதவைத் தட்ட முடியாது.

என்ன செய்வது என்பதற்கு எண்களை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, இரத்தச் சர்க்கரை அளவு (நம் கருவிகள் காட்டும் மில்லிமோல் கணக்கில்) 4க்குக் கீழே போனால் உடனே இனிப்பு கொடுத்துவிட்டு அதன் பிறகு அழைப்பது. வெறும் வயிற்றில் தொடர்ந்து மூன்று நாள் 10க்கு மேல் இருந்தால் கிளினிக்கை அழைப்பது. 15க்கு மேல் இருந்து வாந்தியோ காய்ச்சலோ மூச்சிரைப்போ சேர்ந்தால், படம் அனுப்பிக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்வது. இந்த எல்லைகள் ஆளுக்கு ஆள் மாறும். தனியே வாழும் எண்பது வயதுப் பாட்டிக்கும் நாற்பது வயது லோரி ஓட்டுநருக்கும் மருத்துவர் ஒரே இலக்கை வைக்கமாட்டார். அடுத்த சந்திப்பில் உங்களுக்குரிய எண்களைக் கேட்டு, ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். அந்தத் தாளையே படமெடுத்து வாட்சாப் உரையாடலின் மேல்பகுதியில் நிலைநிறுத்தி வையுங்கள்.

எண் சரியாக இருக்கிறதா?

சர்க்கரை அளவு பார்க்கும் குளுக்கோமீட்டர்களில் சில புளூடூத் வழியே கைப்பேசிக்குத் தாமாகவே எண்ணை அனுப்புகின்றன. அக்யு-செக் வகைக் கருவிகள் சில மைசுகர் செயலியோடும், காண்டூர் பிளஸ் ஒன் தன் சொந்தச் செயலியோடும் இணைகின்றன. இவை வசதியானவை, ஆனால் கட்டாயமில்லை. புளூடூத் இணைப்பு அறுந்துபோனால் அதைச் சரிசெய்ய அறுபது வயது கடந்தவர் படும் பாட்டைப் பார்த்தால், கருவியின் திரையைப் படமெடுத்து வாட்சாப்பில் அனுப்புவதே பல வீடுகளுக்குப் பொருத்தமான வழி என்று சொல்வேன். படத்தில் எண் இருக்கிறது, நேரம் இருக்கிறது, எழுதுவதில் பிழை வராது. படத்தோடு ஒரு வரி போதும்: ‘வெறும் வயிறு’ அல்லது ‘தோசை சாப்பிட்டு இரண்டு மணி நேரம்’. எழுதத் தயங்குபவர் குரல்பதிவாகச் சொல்லலாம்.

கருவியின் கடிகாரத்தை முதலில் சரிபார்க்க வேண்டும். பேட்டரி மாற்றிய பிறகு பல கருவிகளில் தேதியும் நேரமும் பழைய கணக்குக்குப் போய்விடும். அப்புறம் காலை எண் நள்ளிரவு எண்ணாகப் பதிவாகி, மருத்துவரைத் தவறான முடிவுக்குக் கொண்டுசெல்லும். அடுத்தது கை. ரம்புத்தானோ மாம்பழமோ உரித்த விரலில் அப்படியே குத்தினால், விரலில் ஒட்டிய பழச்சாறே எண்ணை ஏற்றிவிடும். சோப்புப் போட்டுக் கழுவி நன்கு துடைத்த பிறகே குத்த வேண்டும். விரல்நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறையும். ஸ்டிரிப் டப்பாவை எடுத்தவுடன் மூடுங்கள். நம் ஊரின் வெப்பமும் ஈரமும் ஸ்டிரிப்பைக் கெடுக்கும். சமையலறை அடுப்புக்கு மேல் அலமாரியிலோ மோட்டார் சைக்கிள் பெட்டியிலோ வைக்கக்கூடாது.

எத்தனை முறை பார்ப்பது என்பதில் மிகை வேண்டாம். ஸ்டிரிப்புக்குக் காசு போகிறது. இன்சுலின் போடாமல் மாத்திரை மட்டும் எடுப்பவர், நிலைமை சீராக இருந்தால், நாள்தோறும் பலமுறை குத்திக்கொள்ளத் தேவையில்லை. அவருக்கு இணைச் சோதனை முறை சிக்கனமானது: ஒருவேளை உணவுக்குச் சற்று முன் ஒன்று, அதே உணவைத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. ஒரு வாரம் காலை உணவு, மறுவாரம் மதிய உணவு என்று மாற்றி மாற்றிச் செய்தால், எந்த உணவு எவ்வளவு ஏற்றுகிறது என்பது நோயாளிக்கே தெரிந்துவிடும். மலேசியாவின் 2020ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டியில் உணவுக்கு முன் 4.4 முதல் 7.0 வரையும், உணவுக்குப் பின் 4.4 முதல் 8.5 வரையும் பொதுவான இலக்காகக் கூறப்பட்டிருக்கின்றன. கையில் ஒட்டி 14 நாள் வைத்திருக்கும் உணரியைக் கைப்பேசியால் தொட்டு அளவறியும் முறையும் உண்டு. அது விலை கூடியது. இன்சுலினைப் பலமுறை போடுபவருக்கும், தூக்கத்தில் அளவு தாழ்ந்துபோகிறவருக்கும் அதன் பயன் அதிகம்.

தமிழ்நாட்டுக் காணொளியும் நம் கருவியும்

நம் பெரியவர்கள் யூடியூப்பில் பார்க்கும் நீரிழிவுக் காணொளிகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டிலிருந்து வருகின்றன. மொழி இனிமையாக இருக்கிறது. சில மருத்துவர்கள் அருமையாக விளக்கவும் செய்கிறார்கள். ஆனால் அங்கே அளவைச் சொல்வது மில்லிகிராமில், இங்கே நம் கருவி காட்டுவது மில்லிமோலில். அங்குள்ள மருத்துவர் ‘நூற்று நாற்பதுக்குள் இருக்கட்டும்’ என்று சொல்லும்போது, தன் கருவியில் 14 என்று பார்த்தவர் ‘எனக்கு வெறும் பதினாலுதானே’ என்று நிம்மதி அடைய வாய்ப்பிருக்கிறது. உண்மையில் 14 என்பது அவர்கள் கணக்கில் 252.

மாற்றும் கணக்கு எளிது. நம் எண்ணை 18ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும். அவர்கள் எண்ணை 18ஆல் வகுத்தால் நம் எண் வரும். நம் 4 அங்கே 72. 7 அங்கே 126. 10 அங்கே 180. இந்த மூன்றையும் குளிர்பெட்டித் தாளிலேயே கீழே எழுதி வைக்கலாம். இணையத்தில் வாங்கிய கருவி மில்லிகிராமில் காட்டினால், அந்த எண்ணைக் கிளினிக்கில் சொல்லும்போது அளவையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி மட்டும் இரண்டு நாட்டிலும் விழுக்காட்டிலேயே சொல்லப்படுவதால் அங்கே குழப்பமில்லை.

அளவு தாழ்ந்தால்

தொலைவிலிருந்து கவனிப்பவர்கள் கூடுதலைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். ஆனால் ஓர் இரவுக்குள் ஆளைச் சாய்க்கக்கூடியது தாழ்வு. இன்சுலினும் கிளிக்கிளசைடு போன்ற மாத்திரைகளும் அளவைத் தாழ்த்தக்கூடியவை; மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இது அரிது. விடியற்காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பசியாறாமல் செம்பனைக் குலை வெட்டப் போகிறவர், புரட்டாசிச் சனிக்கிழமையிலும் தைப்பூசத்துக்கும் விரதம் இருப்பவர், மாலையில் கள்ளோ பீரோ அருந்திவிட்டுச் சாப்பிடாமல் படுப்பவர் ஆகியோர் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். விரதத்துக்கு முன் மருந்தை எப்படி மாற்றுவது என்பதைக் கிளினிக்கில் கேட்டே செய்ய வேண்டும். தாமாகக் குறைக்கவும் கூடாது, வழக்கம்போல் போடவும் கூடாது.

வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, பசி, பேச்சில் தடுமாற்றம் தோன்றி அளவு 4க்குக் கீழே இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். அல்லது ஒரு மேசைக்கரண்டித் தேன். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, இன்னும் 4க்குக் கீழே என்றால் அதையே திரும்பச் செய்ய வேண்டும். சாக்லேட் இதற்கு ஏற்றதல்ல. அதிலுள்ள கொழுப்பு, சீனி இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அளவு ஏறிய பிறகு, அடுத்த வேளை உணவுக்கு நேரம் இருந்தால் இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிட வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 999ஐ அழைக்க வேண்டும்.

இந்த இடத்தில் கைப்பேசி செய்யக்கூடியது அதிகம். ஆண்டிராய்டு, ஐபோன் இரண்டிலும், பூட்டிய திரையிலேயே நோய், மருந்து, அவசரத் தொடர்பு எண் ஆகியவற்றைக் காட்டும் மருத்துவத் தகவல் வசதி அமைப்புகளில் இருக்கிறது. ‘இனிப்புநீர், இன்சுலின் போடுகிறார்’ என்று மலாயிலும் பதிந்து வையுங்கள். சந்தையில் மயங்கி விழுந்தால் அதைப் படிப்பவர் தமிழராகத்தான் இருப்பார் என்பதில்லை. காலை அழைப்புக்கும் ஒரு நேரத்தைக் குறியுங்கள். ஏழரை மணிக்குள் அம்மாவிடமிருந்து செய்தி வராவிட்டால் எட்டு மணிக்கு மகள் அழைப்பது, எட்டேகாலுக்கும் பதில் இல்லையென்றால் அண்டை வீட்டாரை அழைப்பது என்று முறைவைத்தால், சண்டையும் சந்தேகமும் இன்றி அது நடக்கும். தோட்டத்துக்குள் இன்னும் குடியிருப்பவர்களுக்கு அலைவரிசை மங்கலாக இருக்கும். அங்கே வாட்சாப்பை நம்பாமல் சாதாரண அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் காசு போட்டு வைக்க வேண்டும். டாப் அப் தீர்ந்துபோவதை மகனே இணையவழி பார்த்து ஏற்றிவிடலாம்.

தட்டைப் படமெடுப்பது

கலோரி கணக்கிடும் செயலிகள் பலவற்றுக்கு நம் சாப்பாடு தெரியாது. அவை ஒரு கிண்ணம் சோறு என்று சொல்வதும் நம் வீட்டுத் தட்டில் விழுவதும் வேறு வேறு. அந்தக் கணக்கை விட்டுவிட்டு, வாரத்தில் மூன்று நாள் தட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதை ஒப்பிட நம்மிடம் எளிய அளவுகோல் இருக்கிறது: சுகாதார அமைச்சு பரப்பிவரும் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’. தட்டில் கால்பகுதி சோறோ இடியப்பமோ, கால்பகுதி மீன், கோழி, பருப்பு போன்றவை, மீதிப் பாதி காய்கறியும் பழமும். படத்தைப் பார்த்த மாத்திரத்தில் சோறு பாதித் தட்டை மீறியிருப்பது குழந்தைக்கும் தெரியும்.

படத்தில் தண்ணீர்க் குவளையையும் சேர்க்கச் சொல்வது முக்கியம், ஏனென்றால் நம்மவர்களின் அளவு பல நேரங்களில் குவளையில்தான் ஏறுகிறது. தே தாரிக்கில் ஊற்றும் டின் பால், மைலோ, விருந்துக்குப் போனால் சிரப் பண்டோங். கடையில் ‘கோப்பி ஓ கோசோங்’ (பாலும் சீனியும் இல்லாத காப்பி) என்று கேட்கப் பழகியவர், வேறெதையும் மாற்றாமலே கணிசமான சீனியைத் தவிர்த்துவிடுகிறார். இணைச் சோதனையோடு தட்டுப் படத்தைச் சேர்த்துப் பார்த்தால் பாடம் இன்னும் ஆழமாகப் பதியும். இரண்டு ரொட்டி சானாய் தின்ற நாளின் எண்ணும், ஒன்றோடு ஒரு முட்டையும் தின்ற நாளின் எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது, மருத்துவர் சொல்ல வேண்டியதே இல்லை. இதில் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: படத்தைப் பார்த்துத் திட்டாதீர்கள். ஒருமுறை திட்டினால் அடுத்த படம் வராது. வந்தாலும் படத்துக்காகவே பரிமாறிய தட்டாகத்தான் வரும்.

இன்சுலின் போடுவதைக் காணொளியாக்குதல்

கைப்பேசிக் கல்வியில் பலரும் நினைத்துப் பார்க்காத பயன் இது. இன்சுலின் பேனாவைக் கொடுத்த நாளில் கிளினிக்கில் மிஸ்ஸி (தாதி) பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருப்பார். ஆறு மாதத்தில் அது தேய்ந்து வேறொன்றாகியிருக்கும். வீட்டில் ஒருவர், போடுகிறவரின் முகம் தெரியாதபடி கையையும் வயிற்றையும் மட்டும் ஒரு நிமிடக் காணொளியாக எடுத்து, அடுத்த சந்திப்பில் தாதியிடம் காட்டுங்கள். அவர் பார்க்க வேண்டியவை இவை. கலங்கலாக இருக்கும் இன்சுலினை உள்ளங்கையில் பத்துமுறை உருட்டி, பத்துமுறை தலைகீழாகப் புரட்டிக் கலக்குகிறாரா. புது ஊசி மாட்டி இரண்டு அலகை வெளியே விட்டுப் பார்க்கிறாரா. பொத்தானை முழுதும் அழுத்திய பிறகு பத்து வரை எண்ணி ஊசியை எடுக்கிறாரா. ஒரே இடத்தில் நாள்தோறும் குத்தாமல் இடம் மாற்றுகிறாரா. ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கட்டி தட்டிய தோலில் இன்சுலின் ஒழுங்காக உறிஞ்சப்படாது. அளவு ஏறுகிறதே என்று மருந்தைக் கூட்டிக்கொண்டே போகும் சிலருக்கு உண்மையான காரணம் இந்தக் கட்டிதான்.

தாதி திருத்திக் கொடுத்ததை, அவருடைய அனுமதியோடு அங்கேயே தமிழில் குரல் சேர்த்துப் படமெடுத்துக்கொண்டால், அது வீட்டின் சொந்தப் பாடமாகிவிடும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரை குளிர்பெட்டியில் இருக்க வேண்டும், உறையவிடக்கூடாது. பயன்படுத்தத் தொடங்கியதை வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வெளியே வைக்கலாம். பெரும்பாலான வகைகள் நான்கு வாரத்துக்கு மேல் செல்லாது. திறந்த தேதியைப் பேனாவில் ஒட்டி, நான்காவது வாரத்துக்கு கைப்பேசியில் ஒரு நினைவூட்டல் வையுங்கள். மருந்து வேளைக்கான அலாரத்துக்குப் பேரப்பிள்ளையின் குரலைப் பதிந்து வைத்தால் தாத்தா அதை அணைத்துவிட்டுத் தூங்கமாட்டார், ‘தாத்தா, மருந்து!’ என்ற குரலுக்கு எந்த மணியோசையும் ஈடில்லை.

காலின் படம்

வாரம் ஒருமுறை இரண்டு பாதங்களின் அடிப்பகுதியையும் விரலிடுக்கையும் படமெடுங்கள். சன்னல் ஓரத்து வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். ஃபிளாஷ் வேண்டாம், அது தோலின் சிவப்பை மறைத்துவிடும். புண் இருந்தால் அதன் பக்கத்தில் ஒரு பத்துச் சென் நாணயத்தை வைத்து ஒரு படம், சற்றுத் தள்ளி நின்று முழுப் பாதமும் தெரிய ஒரு படம். ஒரே நாணயத்தை வைத்தால் புண் பெருகுகிறதா சுருங்குகிறதா என்பது தெரியும். வாட்சாப் படத்தைச் சுருக்கி அனுப்பும் என்பதால், தரம் குறையாமல் அனுப்பும் தேர்வைப் பயன்படுத்துங்கள்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. கறுத்துப்போன விரல், சீழ், துர்நாற்றம், பரவும் சிவப்பு, காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் படமெடுத்துக் காத்திருக்கக்கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கோயிலுக்குள் வெறுங்காலோடு நடப்பவர்களின் பாதம் உணர்விழந்திருந்தால், வெயிலில் சுட்ட தரையில் கொப்புளம் வந்ததே தெரியாது. திருவிழாவுக்குப் போய் வந்த இரவே பாதத்தைப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள்.

கிளினிக்கோடு கைப்பேசி வழியே

மைசெஜாத்ரா செயலி வழியே பல அரசாங்கக் கிளினிக்குகளில் சந்திப்புக்கு முன்பதிவு செய்யலாம். மருந்து வாங்கும் நாளுக்கு மைஉபாட் என்ற தனி ஏற்பாடு இருக்கிறது. தொடர் மருந்தை அஞ்சலில் பெறும் வசதியும், ஒரு கிளினிக்கின் மருந்துச் சீட்டைக் கொண்டு வேறோர் ஊரின் அரசாங்க மருந்தகத்தில் மருந்து பெறும் எஸ்பியூபி வசதியும் உண்டு. இரண்டாவது நம் குடும்பங்களுக்கு மிகவும் உதவும்: அம்மா இரண்டு மாதம் கிள்ளானில் மகள் வீட்டில் தங்கப் போகிறார் என்றால், மருந்துக்காக மட்டும் ஊர் திரும்ப வேண்டியதில்லை. எல்லா வசதியும் எல்லாக் கிளினிக்கிலும் இருக்காது. மருந்தக முகப்பில் ஒருமுறை நேரில் கேட்டுப் பதிந்துகொள்ள வேண்டும். இன்சுலினைக் குளிரில் கொண்டுசெல்ல வேண்டும் என்பதால் அதை எப்படிப் பெறுவது என்பதையும் அப்போதே கேளுங்கள்.

காணொளி ஆலோசனைக்கு அரை மணி நேரத்துக்கு முன்பே ஆயத்தமாகுங்கள். எடுத்துக்கொள்ளும் மருந்துகள் எல்லாம், நாட்டு மருந்துப் பொடி உட்பட, மேசைமேல் இருக்கட்டும். கடைசி இரண்டு வார எண்கள் ஒரே தாளில், காலை மாலை என்று பிரித்து எழுதப்பட்டிருக்கட்டும். சிதறிய முப்பது படங்களை மருத்துவர் திரையில் பார்க்கமாட்டார். கேட்க வேண்டியதை இரண்டு கேள்விக்குள் சுருக்குங்கள். மருத்துவருக்குத் தமிழ் தெரியாமலும் பெற்றோருக்கு மலாய் மருத்துவச் சொல் புரியாமலும் இருந்தால், மகளையும் அழைப்பில் சேர்க்க அனுமதி கேளுங்கள். ஆனால் மகள் பெற்றோருக்காகப் பதில் சொல்லிவிடக்கூடாது. அப்பா மருந்தைத் தவறவிட்ட நாள்களை அவர் வாயாலேயே சொன்னால்தான் மருத்துவர் தேவையில்லாமல் அளவைக் கூட்டமாட்டார்.

மருந்து உறையின் மேல் மலாயில் ‘செபெலும் மாக்கான்’, ‘செலெப்பாஸ் மாக்கான்’ என்று இருக்கும். உணவுக்கு முன், உணவுக்குப் பின் என்று பொருள். ஒவ்வோர் உறையையும் தனித்தனியே படமெடுத்து, ஒவ்வொரு படத்துக்கும் கீழே ‘அம்மா, இந்த வெள்ளை மாத்திரை காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்று, ராத்திரி ஒன்று’ என்று குரல்பதிவு போட்டுவிடுங்கள்.

குழுவும் புரளியும்

குறுஞ்செய்தியாலும் பயன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. சென்னை மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், நீரிழிவு வரும் நிலையில் இருந்த 537 ஆண்களில் ஒரு பாதியினருக்கு உணவு, உடற்பயிற்சி பற்றிய செய்திகள் கைப்பேசிக்குத் தொடர்ந்து அனுப்பப்பட்டன. இரண்டாண்டு முடிவில் செய்தி பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்திருந்தது. அவர்கள் ஏற்கெனவே நோயாளிகள் அல்லர் என்பதை மறக்கக்கூடாது. ஆனாலும் ஒரு சிறு செய்தி ஆளை நடக்கவைக்கும் என்பது இதிலிருந்து தெரிகிறது. நம் தாமானில் எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து ஒரு வாட்சாப் குழு அமைத்து, ‘இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் நடந்தாகிவிட்டதா?’, ‘இன்று பாதத்தைப் பார்த்தீர்களா?’ என்று வாரம் இரண்டு முறை அனுப்பினாலே போதும். குழுவுக்கு ஒரே விதி: வேறிடத்திலிருந்து வந்த செய்தியை அப்படியே அனுப்பக்கூடாது.

ஏனென்றால் இனிப்புநீரை ‘வேரோடு அறுக்கும்’ பொடிகளும் கஷாயங்களும் விற்பனையாகும் சந்தையே இப்போது வாட்சாப்பும் ஃபேஸ்புக்கும்தான். மருந்து என்று விற்கப்படும் பொருளுக்கு மலேசியாவில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹாலோகிராம் ஒட்டும் இருக்க வேண்டும். பாரம்பரிய மருந்தின் எண்ணில் இலக்கங்களை அடுத்து டி (T) என்ற எழுத்து வரும். தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தேடிப் பார்க்கலாம். எண் இல்லாத பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரிந்திருக்காது. அதை நம்பி இன்சுலினை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. இலவச ஸ்டிரிப் தருவதாகச் சொல்லி ஒரு செயலிக் கோப்பை நிறுவச் சொல்பவர் வங்கிக் கணக்கைக் குறிவைப்பவராக இருக்கக்கூடும். அதிகாரப்பூர்வச் செயலிக் கடைக்கு வெளியே வரும் எதையும் நிறுவக்கூடாது. காசு போய்விட்டால் உடனே மோசடிப் புகாருக்கான 997ஐ அழைக்க வேண்டும்.

இரத்தப் பரிசோதனை அறிக்கையில் ஐசி எண் இருக்கும். அதை வெட்டிவிட்டே படத்தை அனுப்புங்கள். அறுபது பேர் இருக்கும் குலதெய்வக் குழுவில் அப்பாவின் எச்பிஏ1சியைப் போட வேண்டாம். அவருடைய நோயை யாருக்குச் சொல்வது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான்.

கண்ணின் பின்பகுதிப் பரிசோதனை, பாத உணர்வுப் பரிசோதனை, சிறுநீரில் புரதம், சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றை எந்தக் கைப்பேசியாலும் வீட்டிலிருந்து செய்ய முடியாது. இவை ஆண்டுக்கு ஒருமுறையேனும் நேரில் நடக்க வேண்டும். எச்பிஏ1சி மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அந்த நாள்களையும் அதே கைப்பேசியின் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் மருந்தோ அளவோ மாறியிருந்தால், அன்று மாலையே பழைய உறையின் படத்தையும் அதன் குரல்பதிவையும் இரண்டு கைப்பேசியிலிருந்தும் அழித்துவிட்டு, புதியதைப் பதிந்து, குளிர்பெட்டித் தாளையும் மாற்றி ஒட்டுங்கள்.